சந்தேகம் என்று எழுதாதவள்

விசாரணையைத் தொடங்குமுன் அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிடுங்களேன். இருபத்திரண்டு வருடம் இருட்டறையில் உட்கார்ந்து மூளை ஸ்கேன் பார்த்தவள் நான். வெளிச்சத்தைக் கண்டால் விடமாட்டேன்.

ஸ்கேனைப் பார்த்துத் தானே நோயைச் சொல்லும் செயற்கை நுண்ணறிவு மாடல் ஒன்றை எங்கள் நிறுவனம் பழக்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு படத்தையும் இரண்டு டாக்டர்கள் பார்த்து, கட்டி அல்லது ஒன்றுமில்லை என்று குறிப்பார்கள். இருவருக்கும் ஒத்துப்போகாத படம் என்னிடம் வரும். நான் சொல்வதே முடிவு. மாடல் அதைத்தான் பாடமாகப் படிக்கும்.

அந்தச் சமயத்தில் நான் வேலைபார்த்த ஆஸ்பத்திரிக்கு ஒரு பஸ் டிரைவர் வந்தார். சிரிப்பும் கும்மாளமுமான மனிதர். அவர் மூளையில் கடுகளவு நிழல். சந்தேகம் என்று எழுதிக்கொடுத்தேன். எட்டு மாதம் கழித்து அது ஒன்றுமே இல்லையென்று தெரிந்தது. அதற்குள் பயத்திலேயே வேலையை விட்டு, ஆள் பாதியாகிப் போயிருந்தார்.

அன்றிலிருந்து சின்ன நிழல்களுக்கெல்லாம் ஒன்றுமில்லை என்று குறித்தேன். பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஆறாயிரத்துச் சொச்சம் படங்கள். மாடல் கெட்டிக்காரப் பிள்ளை, கப்பென்று பிடித்துக்கொண்டது. அதைச் சோதிக்க வைத்திருந்த படங்களையும் நான்தான் குறித்திருந்தேன். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கியது.

"முன்னெல்லாம் சும்மா சும்மா கட்டின்னு கத்தும் மேடம். இப்ப எவ்வளவு சமத்தா இருக்கு பாருங்க" என்று எஞ்சினியருக்கு வாயெல்லாம் பல். நாற்பது ஆஸ்பத்திரிகள் வாங்கின.

என் தங்கை கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். தலைவலி என்று வந்தாள். மாடல் ஒன்றுமில்லை என்றது. நானும் படத்தைத் திறந்து பார்த்தேன். இடது பக்கம், பட்டாணி அளவில், கட்டி தெளிவாகவே இருந்தது. அப்போதே எடுத்திருந்தால் பிழைத்திருப்பாள்.

"என்னக்கா, தலைக்குள்ள ஏதாச்சும் இருக்கா? இல்ல, எல்லாரும் சொல்ற மாதிரி காலியா?"

"காலிதான், போடி."

விக்கல் வரும்வரை சிரித்தாள். அவளுக்கு மட்டும் உண்மையைச் சொன்னால் மற்றவர்களுக்கு என்ன நியாயம்? ஆறாயிரம் படத்தையுமல்லவா திருத்த வேண்டும்?

பதினான்கு மாதம் இருந்தாள். அதற்குள் ஒன்பது பேருக்கு லைசென்ஸ் வாங்கிக்கொடுத்தாள். கடைசி மாதம் வரை எங்களைச் சிரிக்கவைத்தாள். அவளைப்போல இறந்தவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் என்கிறீர்கள். இருக்கும். தெரிந்துதான் செய்தேன். அத்தனை பேரும் ஆஸ்பத்திரியிலிருந்து சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். எந்த மருந்து அதைக் கொடுக்கும்?

என்னுடைய ஸ்கேனா? வருடம் தவறாமல் எடுத்துக்கொள்கிறேன். அதை மாடலிடம் கொடுப்பதில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிர்த் தெருவில் வயதான டாக்டர் ஒருவர் இருக்கிறார். ஊசிமுனைப் புள்ளியைக்கூட விடமாட்டார். அவரிடம்தான் காட்டுவேன்.