வெள்ளைப் புடவையும் தாலியும்

“...கம்மல் வேணாம், வளையல் வேணாம், பூவும் வேணாம்னீங்க, ஒத்துக்கினேன். தாலி இல்லாம மட்டும் எம்பொண்ண அனுப்ப மாட்டேன் சம்மந்தியம்மா.”

ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே இருந்த பெண்ணின் தாயார், சி.எஸ்.ஐ. சபைக்காரர், இதைச் சொன்னார். மடியில் பட்டுக்கடைப் பை இருந்தது. பக்கத்தில் மாப்பிள்ளையின் தாயார், பெந்தெகொஸ்தே சபைக்காரர், காதிலும் கழுத்திலும் ஒன்றும் போடாமல் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு நான் போனைப் பார்க்கவே இல்லை.

“எங்க சபையில தாலி கட்டுற வழக்கமில்லமா. பாஸ்டருக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“உங்களுக்கு யாரும் கட்டலையா?”

“கட்டினாங்க. அப்ப நாங்க ஆர்.சி. சபையில இருந்தோம். இந்த சபைக்கு வந்துதான் கழட்டினேன்.”

“கழட்டி வித்துட்டீங்களா?”

“பீரோவுல இருக்குது. அத எப்படிமா விக்கிறது?”

“அதத்தான் நானும் சொல்லிக்கினு வரேன்.”

மாப்பிள்ளையின் தாயார் சிரித்துவிட்டார். “சரி, உங்க சி.எஸ்.ஐ. கோயில்ல உங்க சபை ஐயரே தாலி எடுத்துக் குடுக்கட்டும். பாஸ்டர்கிட்ட நான் பேசிக்கிறேன். ஆனா புடவை வெள்ளைதான்.”

பெண்ணின் தாயார் பையைத் திறந்து, உள்ளே இருந்த அரக்கு நிறப் பட்டுப் புடவையை ஒருமுறை பார்த்தார். “நிறுத்துபா” என்று இறங்கி, அதை மாற்றிவர டவுனுக்குத் திரும்பும் ஆட்டோவுக்குக் கைகாட்டினார்.