மூன்றாம் வார்டின் அலைகளுக்கு வழி பிரித்தவருக்கு

“என் அடுப்பு அப்படி என்ன மேடம் பண்ணுச்சு? சாப்பாட்டைச் சூடு பண்ணுச்சு, அவ்வளவுதானே?”

“அதேதான். நீங்க சூடு பண்ற நேரத்துல, சுவருக்கு அந்தப் பக்கம் மூணாம் வார்டு மானிட்டருக்குக் காது அடைச்சுப்போகுது, கேன்டீன்காரரே.”

“மானிட்டருக்குக் காதா! நல்லவேளை, என் மிக்சிக்கு மூக்கு இருக்குன்னு சொல்லல.”

எங்கள் கருவிப் பொறியாளராக ரேடியோ அலைகளை அரவணைத்து ஆண்ட அம்மையீர்! பதினோரு ஆண்டுகளுக்கு முன் தங்களுக்கும் கேன்டீன்காரருக்கும் நடந்த இந்தப் பேச்சைத்தான் இந்த வழியனுப்பு மடலில் முதலில் எழுத வேண்டும் என்று மருத்துவமனை ஊழியர்கள் அனைவரும் அடம்பிடித்தோம்.

இதயத்துடிப்பைக் கம்பியில்லாமல் அனுப்பும் மானிட்டர்கள், டாக்டர்களின் வைஃபை, நோயாளிகளின் ஹெட்ஃபோன், கதவு சரியாக மூடாத அந்த மைக்ரோவேவ் அடுப்பு என எல்லாம் ஒரே அலைவரிசையில் முண்டியடித்த காலம் அது. மதியமானால் திரையில் கோடு அறுந்துவிடும். நாங்கள் பேட்டரியைத் திட்டுவோம். தாங்களோ மூன்று மதியங்கள் பட்டினியாக, அலைகளை அளக்கும் மானியை மடியில் வைத்து, கண்மூடிக் கேட்டபடி அமர்ந்திருந்தீர்கள். அடுப்பைத் தொலைவுக்கு அனுப்பினீர்கள். வைஃபையை வேறு அலைவரிசைக்கு ஏற்றினீர்கள். மற்றவற்றுக்குத் தனித்தனிச் சேனலும் தாழ்ந்த குரலும் தந்தீர்கள். அதன்பின் அந்தக் கோடு அறுந்ததே இல்லை! வெயில் சாயும் தாழ்வாரத்தில் தங்களோடு நடக்கையில், கண்ணுக்குத் தெரியாத ஆறுகள் ஒன்றையொன்று தொடாமல் தலைக்கு மேல் ஓடுவதாகவே எங்களுக்குத் தோன்றும்.

அடுப்பு போன அன்று முறைத்த கேன்டீன்காரர், நான்காம் நாள் தங்கள் தட்டைத் தானே ஏந்தி வந்தார். மனைவியை இழந்து, மகளையும் கட்டிக்கொடுத்துவிட்ட மனிதர். அவருக்குத் தங்களிடம் கேட்க ஒன்று உண்டென்பது சமையலறை முதல் எக்ஸ்ரே அறை வரை தெரியும். தாங்கள்தான் தெரிந்தும் தெரியாதவர்போல் இருந்தீர்களோ என்னவோ! தினமும் வருவார், தண்ணீர் ஊற்றுவார், “உப்பு சரியா இருக்கா மேடம்?” என்று கேட்டுவிட்டுத் திரும்புவார்.

“இன்னிக்கும் உப்புதானா மாமா?” என்று நர்ஸ்கள் சீண்டுவார்கள்.

இத்தனை காலம் தனியாகவே வாழ்ந்த தாங்கள் நாளை தம்பி வீட்டோடு தங்க ஊர் மாறுகிறீர்கள் என்றறிந்தது முதல் அவர் யாரோடும் பேசவில்லை. ஆகவே இம்மடலை வாசிக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தோம்.

நல்ல பசியும் நிறைந்த தூக்கமும் நோயற்ற உடலும் வாய்த்து, நெடுங்காலம் வாழ்க தாயே!

அன்பில் திளைக்கும்,
மருத்துவமனை ஊழியர்கள்.

கீழே இடம் விட்டிருக்கிறோம். அதை அவரே நிரப்பி, அவரே வாசிக்கட்டும்.

“மேடம்… ஊருக்குப் போகாதீங்க. என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?”