மேனேஜர் குட்டி போட்டார்

இல்ல தங்கச்சி, சண்ட போட வரல. சத்தியமா. அந்த மீன் வலையக் கீழ வெச்சுட்டு நான் சொல்றதக் கொஞ்சம் காதுல வாங்குங்க. நாலு மாசம் முன்னால உங்க கடையில பெரிய மரவட்டை ஒண்ணு வாங்கிட்டுப் போனேனே, ஞாபகமிருக்கா? ஒரு சாண் நீளம், கறுப்பு ஒடம்பு, செவப்புக் கால். ஆணான்னு மூணு தடவ கேட்டேன். ஆண்தான், கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்கன்னீங்க. அந்த ஆண் இப்ப குட்டி போட்டிருக்கு.

சிரிக்காதீங்க. நாப்பத்தி மூணு வரைக்கும் எண்ணினேன். அதுக்கு மேல நெளியுற நெளிவுல கணக்குத் தப்பிப்போச்சு. வெள்ள நூலத் துண்டு துண்டா வெட்டிப் போட்ட மாதிரி மண்ணு பூரா.

திருப்பித் தரவா? சேச்சே, அதுக்கில்ல. விஷயம் என்னன்னா, அது ஆம்பளையா இருந்தாகணும். ஏன்னா அது மேனேஜர்.

எம் பொண்ணு வெச்ச பேரு. பூச்சியப் பத்திப் படிச்சவ அவ. வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு மரவட்டைய டப்பாவுல போட்டுக் கொண்டாந்தா. தொட்டா சுருண்டுக்குவாரு, வேலன்னு ஒண்ணும் செய்யமாட்டாரு, ஆனா எல்லாரும் அவருக்காக ஓடணும், அப்படியே எங்க மேனேஜருன்னா. பேரு ஒட்டிக்கிச்சு. அப்புறம் அவ வீட்ட விட்டுப் போனப்ப டப்பாவ எடுத்துட்டுப் போகல. எங்க தலையில விழுந்துச்சு.

நான் பூட்டு ரிப்பேர் பண்றவன், எனக்கென்ன தெரியும்? மொதநாள் வெரலால அழுத்திப் புடிச்சுட்டேன். ஏதோ தண்ணிய விட்டுச்சு, கையெல்லாம் மஞ்சக் கற. கடைக்கு வந்தவங்க பூராப் பேரும் மஞ்சக்காமாலையான்னு கேட்டாங்க. வீட்டுக்காரி நாற்காலி மேல ஏறி நின்னுக்கிட்டா. அவதான் இப்ப அதுக்கு வெள்ளரிக்கா சீவுறா, முட்ட ஓட்டப் பொடி பண்ணித் தூவுறா.

ஞாயித்துக்கிழமையானா பொண்ணு வீடியோவுல கூப்புடுவா. அவங்கம்மாகிட்ட எப்பவும் பேசுவா, அது வேற. இது எனக்கு. மேனேஜர் எப்படி இருக்காரு? நல்லாருக்காரு. சாப்புட்டாரா? சாப்புட்டாரு. அவ்ளோதான். மூஞ்சியெல்லாம் காட்டிக்கமாட்டோம். நான் போனை டப்பாவுக்கு நேரா புடிச்சுக்குவேன், அவ ஏதோ ஒரு செவுத்தக் காட்டிக்கிட்டிருப்பா. ரெண்டு வருஷமா எங்க பேச்சே இந்த அஞ்சு நிமிஷந்தான்.

அதுல போய் ஒரு நாள் மேனேஜர் கண்ண மூடிட்டாரு. தோல் உரிக்கப் போறாரோன்னு ரெண்டு நாள் பாத்தேன். இல்ல, வயசாயிருச்சு. அன்னைக்கு வெள்ளிக்கிழம. கடையச் சாத்திட்டு நேரா உங்ககிட்டதான் ஓடி வந்தேன். நான் ஏன் அன்னைக்குப் பழையவரு போட்டோவ வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா அளந்து பாத்தேன்னு இப்பப் புரியுதா?

ஞாயித்துக்கிழம புதுசக் காட்டினேன். கால் ரொம்பச் செவந்திருக்கேன்னா. கேரட் குடுத்தோம்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல? ம்னு சொல்லிட்டு வெச்சுட்டா. தப்பிச்சேண்டா சாமின்னு இருந்தேன்.

போன வாரம், மண்ணுல என்னமோ வெள்ளையாத் தெரியுதே, போனக் கிட்டக் கொண்டு போங்கன்னா. வேருன்னேன். வேரு நடக்குதேன்னா. அப்புறம் சிரிச்சா பாருங்க ஒரு சிரிப்பு! மேனேஜருக்குப் பிரசவமாப்பா, பிரசவமாப்பான்னு கேட்டுக் கேட்டு சிரிக்கிறா. எனக்கும் அடக்க முடியல. போன் நழுவி மண்ணுல விழுந்துருச்சு. தொடச்சு எடுத்துப் பாத்தா அவ மொகம் தெரியுது. கொஞ்சம் எளச்சிருந்தா.

மொத வாரமே கண்டுபுடிச்சுட்டாளாம். பழையவருக்கு ஒரு பக்க மீச நுனி ஒடஞ்சிருக்குமாம். ஏம்மா அப்பவே சொல்லலன்னு கேட்டேன். சொல்லிட்டா அப்புறம் எதுக்குப்பா நான் போன் பண்றதுன்னா.

அதான், பெரிய பொட்டியாப் பாக்க வந்தேன். குட்டிங்களப் பாக்க வர்ற ஞாயித்துக்கிழம நேர்லயே வர்றா. ரெண்டு பேருமா வர்றாங்க.

இன்னொருத்தரா? அவளாப் பாத்துக் கட்டிக்கிட்டவரு. நான் கல்யாணத்துக்குப் போகல. இந்தப் பக்கமே வராதேன்னு சொன்னதும் நாந்தான். சரி, அது கெடக்கட்டும். அந்த மேல் தட்டுல இருக்கிறத எடுங்க. ம்ஹும், மூடி லொடலொடன்னு ஆடுது. நல்லா இறுக்கமா மூடுறதாக் குடுங்க. மாப்பிள்ளைக்குப் பூச்சின்னாலே பயமாம்.