கவசத்தில் விடுபட்ட இடம்

டீசல் புகையும் நனைந்த கயிற்றின் வாடையும் கலந்து வந்தால் போதும், எழுபதுகளின் இறுதியில் கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூருக்குப் போன அந்த லாஞ்ச் எனக்குள் ஆடத் தொடங்கிவிடும். கொழும்புப் பக்கம் தமிழருக்கு அடி விழுகிறது என்று காலையிலிருந்தே துறைமுகமெங்கும் கதை. எனக்கு முன்னால் இருந்த ஒரு தாய், பக்கத்தில் இருந்த தமிழ் வாத்தியாரிடம் திடீரென்று கேட்டாள்.

“மாஸ்டர், கவசம் எண்டால் முதுகையும் மூடுமோ?”

“ஏனக்கா, சண்டைக்கோ போறியள்?”

“பகிடி விடாதேங்கோ. மகன் விடிய கொழும்புக்குப் போயிட்டான். ஒவ்வொருக்காப் போகேக்குள்ளயும் ஸ்டேசனில வைச்சு, கவசம் சொல்லிச் சொல்லி, கண், கழுத்து, நெஞ்சு எண்டு அந்தந்த இடத்தில திருநீறு பூசுறனான். இண்டைக்கு முதுகுக்கு வரமுதல் கோச்சி வெளிக்கிட்டிட்டுது.”

வாத்தியார் சிரிப்பை விழுங்கினார்.

“கவசம் வடசொல் அக்கா. எங்கட பழஞ்சொல் மெய்ம்மறை. மெய்யை மறைக்கிறது.”

“முழு மெய்யையுமோ?”

“சொல்லில முழுக்கத்தான் இருக்கு. ஆனால் அந்தக் காலத்து வீரருக்கு முதுகில காயம் பட்டால் வெக்கம். நெஞ்சைத்தான் பெரிசா நினைச்சவை.”

சொன்ன கையோடு அவர் முகத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்தார். லாஞ்ச் மூதூர்த் துறையில் வந்து நின்றது. இறங்கும்போதுதான் அவள் சொன்னாள்.

“அவன் வீரனில்லை மாஸ்டர், கிளாக்கர். அடிக்க வந்தால் ஓடுவான். ஓடுறவனுக்கு முதுகுதானே வெளியில.”