மேயரின் முப்பாட்டன் ஊதினார்

தலைமை ஏற்றும் நாற்காலி நுனியிலேயே அமர்ந்திருக்கும் நின்ஃபா பில்லிகுவா அம்மையார் அவர்களே! வலையை உலர்த்திவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே! வாளி சுமந்தே வளைந்துபோன இடுப்போடு வந்திருக்கும் தாய்மார்களே! வணக்கம்.

தண்ணீர்க் குழாய் பதிக்கத்தான் தோண்டினோம். கிடைத்தது என்ன? களிமண் பொம்மை! ஸ்பானியர் கப்பல் இந்த எக்குவடோர் கரையைக் காணுமுன்னரே நம் முன்னோர் சுட்ட பொம்மை. தலையில் கிரீடம், காதில் வளையம், வெற்று வயிறு, முதுகில் துளைகள். மண்ணைத் தட்டி நின்ஃபா ஊதினார், கடற்பறவையாய்க் கூவியது. பொம்மையும் அதுவே, புல்லாங்குழலும் அதுவே!

மேயர் வில்ஃப்ரிடோ ஓடி வந்தார். "எச்சில் படுத்தாத பொம்பள! மூக்கப் பாரு, அப்படியே என் மூக்கு. இவரு ராஜா, என் முப்பாட்டன்!"

அன்றே குழாய் வேலை நின்றது. சதுக்கத்தில் அந்தப் பொம்மையைப் போலவே பனை உயரச் சிலை எழுந்தது. நமக்குத் தாகம், அவருக்கு முப்பாட்டன் மோகம்! சிற்பியோ நேர்மையானவர். வெற்று வயிற்றையும் முதுகுத் துளைகளையும் விடாமல் வைத்துவிட்டார்.

சிலைத் திறப்பு விழா. மீனும் வறுத்த வாழைக்காய் உருண்டையும் காட்டித்தான் கூட்டம் சேர்த்தார்கள். மேயர் மார்பை நிமிர்த்தி, "என் ஆட்சியில தண்ணி..." என்றார். கடற்காற்று அடித்தது. சிலை "ஊஊஊ!" என்றது. "வீடு வீடா..." "ஊஊஊ!"

சிரிக்காதீர்கள் அம்மா, அன்று சிரித்தது போதாதா? நின்ஃபா கத்தினார்: "ஐயா, நீங்க விடுற புளுகு ஒங்க முப்பாட்டனுக்கே பொறுக்கல!"

மறுநாள் லாரி நிறைய சிமெண்ட் வந்தது. குழாய்க்கா? குளத்துக்கா? இல்லை ஐயா, சிலையின் வயிற்றை அடைக்க! கொத்தனார் டீட்டோ ஏணியைச் சாத்தினார். நின்ஃபா அதன் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டார். கலங்கல் தண்ணீர் குடித்த அவர் மகள் அப்போதுதான் மருத்துவமனையிலிருந்து மீண்டிருந்தாள்.

"எந்திரிக்கா, என் பொழப்புல மண்ணப் போடாத."

"ஊதுற வாய அடைக்க லாரி சிமெண்டு இருக்கு, எங்க வாய நனைக்க இல்லியா? மேட்டு ஊத்துக்குக் கொண்டா, தொட்டி கட்டு."

"மேயர் என்னத் தொலைச்சிருவாரு."

"நாங்க இத்தன பேரு நிக்கிறோம்ல?"

டீட்டோ திரும்பினார். சதுக்கமெங்கும் பெண்கள், வாளிகளோடு. ஏணியைத் தூக்கி லாரியில் போட்டார். மேயர் காவலரைக் கூவி அழைத்தார். காவலரின் மனைவியும் அங்கே வாளியோடு நின்றாள்! அவர் என்ன செய்வார், பாவம்? லாரிக்கு வழிவிட்டார்.

தொட்டி எழுந்தது. பாதியில் கிடந்த பள்ளத்தில் குழாயை நாமே பதித்தோம். இப்போது மேயர் ஆளனுப்பியிருக்கிறார், தொட்டியில் தம் பெயரைப் பொறிக்க வேண்டுமாம்! பொறிக்கலாமா? கேட்கவில்லை, உரக்கச் சொல்லுங்கள்!

சரி, 'கூடாது' என்று சொல்லியாயிற்று. நின்ஃபா அம்மையார் அவர்களே, என் பேச்சு போதும், குழாயைத் திறவுங்கள். முதல் குவளை உங்கள் மகளுக்கு. வெயிலில் நின்று கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்!