சாக்பீஸ் வட்டங்கள்

நாற்காலிக்கு நன்றி, சார். ஆறு வருடம் குனிந்து குனிந்து முட்டி போய்விட்டது. நானூறு வருடத்துக்கு முன் போர்ச்சுகீசியர் வந்த பாய்மரக் கப்பலை, அதே அளவில், அறுபது அடி நீளத்துக்கு அடையாற்றங்கரையில் கட்டினேன். பங்குக் கோயிலில் என்னைக் ‘கப்பல் வில்லியம்’ என்பார்கள். வெறும் டிராயிங் மாஸ்டர் வில்லியமாக இருந்தபோது யார் சீந்தினார்கள்?

மழைக்குப் பிறகு ஆற்றின் முகத்துவாரம் திறந்திருக்கும். ஜனவரியில் மணல் மூடிவிடும். எழுபத்திநாலு டிசம்பரை விட்டால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். இடம் கொடுத்தவர்களோ, வருடம் முடிந்தால் கப்பலைப் பிரித்து விறகாக்கிவிடுவோம் என்றார்கள். டிசம்பரிலேயே கடலில் விட நாள் குறித்துவிட்டேன், சார்.

மெஹபூப் பாஷாதான் மேஸ்திரி. கடலில் விடுமுன் கப்பலுக்குள் தண்ணீர் நிரப்பிப் பார்ப்பார். வெளியே கசிகிற இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவார். வட்டம் இருக்கும் இடுக்கில் மட்டும் ஆட்கள் பஞ்சும் எண்ணெயும் திணித்து அடைப்பார்கள்.

“வாத்தியாரே, முப்பத்தோரு எடத்துல ஒழுவுது. இன்னும் ஒரு மாசம் ஆவும்,” என்றார் பாஷா. மறுநாள் காய்ச்சலில் படுத்துவிட்டார். நான் ஈரத்துணியால் பத்தொன்பது வட்டங்களைத் துடைத்தேன். சின்னக் கசிவுகள்தான். நனைந்தால் மரம் உப்பித் தானே அடைத்துக்கொள்ளும் என்று கேள்விப்பட்டிருந்தேன். மீதியை ஆட்கள் நான்கே நாளில் அடைத்து, மேலே எண்ணெய் பூசிவிட்டார்கள்.

பாஷா எழுந்து வந்தபோது மறுபடி தண்ணீர் நிரப்பிப் பார்க்க நாள் இல்லை.

“அல்லாத்தையும் அடைச்சாச்சா, வாத்தியாரே?”

“வட்டம் போட்டதெல்லாம் அடைச்சாச்சு, பாய்.”

“அப்ப சரி. உன்ன நம்பித்தான் ஏர்றேன்,” என்று சிரித்தார்.

பதினாலு பேர் ஏறினார்கள். பாய் விரித்துப் போனபோது அழகாக இருந்தது, சார். இப்போதும் சொல்வேன், அழகாகத்தான் இருந்தது. அரை மைல் தாண்டியதும் ஒரு பக்கம் சாய்ந்தது. பாஷா அடைக்கக் கீழே இறங்கினாராம். மேலே வரவில்லை. இன்னும் ஆறு பேரும் போய்விட்டார்கள்.

பாஷாவின் மனைவி ஜஹீதா என்னைப் பார்க்க வந்தார். “ஆறு வருசம் பாடுபட்டியே வாத்தியாரே, உன் கப்பலும் பூடுச்சே,” என்று எனக்காக அழுதார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

வட்டங்களை அழித்தது நான்தான். ஆனால் கப்பல் மூழ்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது, மாதா மேல் சத்தியம். நான் ஏன் ஏறவில்லை என்கிறீர்கள். கரையில் நின்றால்தானே முழுக் கப்பலும் தெரியும்? என் மனைவி நோரா முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துவிட்டாள். சாந்தோம் கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவள்தான். இருந்தாலும் கடற்காற்று அவளுக்கு ஆகாது என்று கையைப் பிடித்து இறக்கிவிட்டேன், அவ்வளவுதான்.