புள்ளத்தாச்சி கல்லுக்கு வச்ச உப்பு

மாட்டுக்கு உப்புன்னா அவ்வளவு இஷ்டம், இன்ஸ்பெக்டரம்மா. தவிட்டுல ரெண்டு கை உப்பக் கலந்து நீட்டுனாப் போதும், முட்டுற மாடும் நம்ம கைய நக்கிக்கிட்டு நிக்கும். இருபத்திரெண்டு வருசமா எங்க ஊரு கறவை மாடு வளர்ப்போர் சங்கத்துக்கு நான்தான் தலைவர். துரைராசுன்னா வலங்கைமான் வரைக்கும் தெரியும். மாட்டு மேல ஆசை இல்லாதவன் இந்த நாற்காலியில இத்தன நாள் ஒக்கார முடியுமா, சொல்லுங்க.

எங்க மேய்ச்சல் தெடல்ல இடுப்பு ஒசரத்துக்கு ஒரு கல்லு இருந்துது. மாடு முதுகு ஒரசிக்கிறதுக்குன்னு எந்தக் காலத்துலயோ நட்டது. புள்ளையோட செத்துப்போன ஒருத்தி நெனவா நட்டதாச் சொல்லுவாங்க. அதனால புள்ளத்தாச்சி கல்லுன்னு பேரு. அது தலையில ஒரு குழி. வெள்ளிக்கெழமை காலையில சங்கத்து ஆளுங்க மொறை வச்சு அதுல தவிடும் உப்பும் கொட்டுவோம். மேய்ச்சலுக்குப் போற மாடு நக்கிட்டு, ஒரசிட்டுப் போவும்.

அந்தத் தெடல்லதான் சங்கத்துக்குக் கட்டடம் வாங்கிக் குடுத்தேன். பாலைக் குளிர வைக்கிற மிஷினு, மாட்டு டாக்டருக்குத் தனி ரூம்பு, எல்லாம் வருது. எத்தன ஆபீசு ஏறி எறங்கியிருப்பேன். அடிக்கல்லுல என் பேரும் பொறிச்சாச்சு. அப்பதான் பள்ளிக்கூடத்து வாத்தியார் இளஞ்செழியன் புள்ளத்தாச்சி கல்லத் தேச்சுக் கழுவிப் பாத்துட்டு, "அண்ணே, இதுல எழுத்து இருக்கு, ஆயிரம் வருசத்துக் கல்லு"ன்னாரு. எழுதியும் போட்டுட்டாரு. தொல்லியல்காரங்க வந்து மை தடவிக் காகிதத்துல படி எடுத்தாங்க. சுத்தி வேலி போடணும், கிட்டக்க கட்டடம் கூடாதுன்னுட்டாங்க. வாத்தியார் நல்ல மனுசன். அவர் மேல எனக்குக் கோவமே கெடையாது.

நான் நிதானமாத்தான் யோசிச்சேன். நான் தனியாப் பேத்தா கேசு. ஊரே சேந்து பேத்தா யாரு மேல போடுவாங்க? ஊரு பேக்கணும்னா ஊருக்கு அந்தக் கல்லு மேல பயம் வரணும். அதுக்கு ஒரு மாடு போனாப் போதும். கஷ்டமாத்தான் இருந்துது. பால் வத்துன கெழட்டு மாடாப் போவட்டும்னு சாமியக்கூட வேண்டிக்கிட்டேன். என் மொறை வந்த வெள்ளிக்கெழமை, வயலுக்குப் போடற மருந்த உப்போட பெசஞ்சு குழியில வச்சேன்.

வச்சுட்டு, தெடலு ஓரத்துல இருக்க எங்க பழைய கொட்டாயில பால் அளக்க ஒக்காந்துட்டேன். ஆறேகால் இருக்கும். மலர்க்கொடி கல்லுக்கிட்ட வந்துது. என் கூட்டாளி வீரையன் மவ, தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்த பொண்ணு. எட்டு மாசம். மாடு வாய் வைக்கிறதுக்கு முந்தி அந்த உப்புல ஒரு சிட்டிகை எடுத்து நாக்குல வச்சுக்கிட்டா சுகப்பிரசவம் ஆவும்னு எங்க பொம்பளைங்களுக்கு ஒரு நம்பிக்கை. எனக்கு அது மறந்தே போச்சு.

அம்பது அடிதான். கூப்புட்டிருக்கலாம். கூப்புட்டா ஏன்னு கேப்பாங்க. வரிசையில பத்துப் பேரு நிக்கிறாங்க. ஒரு சிட்டிகைதானே, என்ன ஆயிடப் போவுதுன்னு நெனச்சேன். வீரையன் கேன நீட்டுனான், வாங்கி அளந்தேன்.

"என்னண்ணே, அளந்ததையே திருப்பி அளக்குறீங்க?"

"இன்னும் டீ குடிக்கலடா"ன்னேன்.

ஒம்போது மணிக்குள்ள ரெண்டு மாடு விழுந்துது. ஒண்ணு வீரையனோட செவலை. ஆஸ்பத்திரிக்குப் போற வழியில, பாபநாசம் தாண்டறதுக்குள்ள மலர்க்கொடியும் போயிடுச்சு. வலிப்பு வந்துதான் போச்சு, புள்ளத்தாச்சி காவு வாங்கிட்டான்னு ஊரு பேசிக்கிச்சு. வாத்தியாருக்கு மட்டும் சந்தேகம், போலீசுக்குச் சொல்லலாம்னாரு. "வயித்துப் புள்ளையோட உன் மவள அறுக்க விடுவியாடா?"ன்னு நான்தான் வீரையன்கிட்ட கேட்டேன். அவன் விடல.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் சங்கத்துல தீர்மானம் போட்டு, கல்லப் பேத்தோம். நான் கை தூக்கல. தலைவர் தூக்கக் கூடாது. கடப்பாறைய எடுத்தவன் வீரையன். "எம் மவளத் தின்னுட்டியேடி"ன்னு அழுதுகிட்டே நெம்புனான். கல்லு ரெண்டா ஒடஞ்சுது.

முந்தாநாள் கட்டடத்துக்குத் தளம் போட்டுக்கிட்டிருந்தோம். வீரையன் வந்தான். "புள்ளையோட போனவளுக்கு ஒரு கல்லு நடணும்ல அண்ணே. தெடல்ல ஓரமா எடம் குடுங்க, மாடாவது ஒரசிக்கிட்டும்"னான். சரிடான்னேன். அதுலேருந்து சோறு எறங்கல. பாவம் பண்ணிட்டேம்மா, பெரும்பாவம். அதான் நானா வந்தேன்.

ஆனா ஒண்ண மட்டும் சரியா எழுதிக்குங்க. நான் மனுச உசுருக்கு வைக்கல. வயித்துப் புள்ளக்காரி அந்த உப்ப எடுப்பாங்கிறது எனக்குச் சுத்தமா மறந்துபோச்சு. என் மருமவளுக்கும் அப்ப ஏழு மாசம், வெள்ளி தவறாமக் கல்லுக்குப் போறவ. அந்த வாரம் மட்டும் போவாதம்மான்னு மொத நாளே சொல்லி வச்சிருந்தேன்.